பன்னிரண்டு லிட்டருக்கு மேல் ஏறாத டேங்க்

பொய் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் என் சம்சாரத்திடம் நான் சொன்ன ஒரு பொய்கூட அரை நாள் தாங்கியதில்லை. ஆனால் இது தாங்கியாக வேண்டும். அவளை எடை பார்க்கக் கதவுக்கு வெளியே அனுப்பிவிட்டு டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார்: மூணு மாசம், மிஞ்சிப் போனா நாலு. வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரிக் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு அவளிடம் போனேன். மருந்து நல்லாப் பிடிக்குதாம், நாலு மாசத்தில் நீ எழுந்து ஓடுவியாம் என்று அளந்துவிட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்போ சரி" என்றாள். என் பேச்சை அவள் இவ்வளவு சுலபமாக நம்பியதே கிடையாது. இது அப்போது என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

பொய் சொன்னால் போதுமா, அதற்கேற்ற நடிப்பும் வேண்டுமே. வழக்கம்போல் லாரியை எடுத்துக்கொண்டு வெளியூர் லோடுக்குப் போனால்தான் அவளுக்குச் சந்தேகம் வராது என்று திட்டம் போட்டேன். மறைப்பானேன், அது பாதிக் காரணம்தான். வீட்டில் உட்கார்ந்து அவளுடைய மெலிந்த கையைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தைரியமில்லை. மீதிப் பாதி அதுதான்.

என் லாரி எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முந்தியது. அதனால் அவள் அதை 'மூத்தவ' என்பாள். மூத்தவளைக் குளிப்பாட்டி முடிச்சாச்சா, கொஞ்சம் இளையவளையும் கவனிக்கலாமா என்று தையல் மெஷினிலிருந்து நிமிராமலே கேட்பாள். அந்த மூத்தவள், நான் வெளியூர் கிளம்ப வேண்டிய அன்றைக்குப் பார்த்து டீசல் குடிக்கமாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

பங்க்கில் குழாயைச் செருகினால் அரை லிட்டர் இறங்கும், டக் என்று நின்றுவிடும். மறுபடி அழுத்தினால் மறுபடி டக். பின்னால் நிற்கிற வண்டியெல்லாம் ஹாரன் அடிக்கும். டீசல் போடுகிறவர் தங்கமான மனுஷர். சொட்டுச் சொட்டாகப் பன்னிரண்டு லிட்டர் வரை ஊற்றிப் பார்த்தார். அப்புறம், "அண்ணே, வண்டிக்கு விக்கல் எடுக்குது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று கும்பிடு போட்டுவிட்டார். வேறு பங்க்குக்குப் போனேன், அங்கேயும் அதே கதை. கேனில் வாங்கிவந்து புனல் வைத்து ஊற்றினேன். மூத்தவள் அதை அப்படியே என் சட்டையில் துப்பினாள்.

பன்னிரண்டு லிட்டரை நம்பி வெளியூருக்கா போக முடியும்? உள்ளூரிலேயே செங்கல், மரச்சாமான் என்று இரண்டு நடை அடித்துவிட்டு, சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் வீட்டு வாசலில் வந்து நின்றேன். "இன்னைக்கும் ஏறலையா?" என்று அவள் உச்சுக் கொட்டினாள். தினமும் கொட்டினாள்.

இருபத்திநாலு வருஷமாக ஓட்டுகிறவன், இதற்குப் போய் மெக்கானிக்கைக் கூப்பிடுவேனா? நானே இறங்கினேன். டேங்க்குக்குள் டீசல் போகும்போது உள்ளே இருக்கிற காற்று வெளியே வர வேண்டும். அதற்கென்று டேங்க் வாய்க்குக் கீழே விரல் பருமனில் ஒரு ரப்பர் குழாய் உண்டு. அது அடைத்தால் இந்த விக்கல் வரும். எனக்கா தெரியாது? முன்னே ஒரு தடவை அதில் குளவி கூடு கட்டி இதே கூத்துத்தான் நடந்தது. நான்தான் கண்டுபிடித்து, குழாய் முனைக்குச் சல்லடை மூடியும் போட்டேன். அந்தப் பெருமையை அவளிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். ஆகவே அந்த ஒரு குழாயை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கழற்றினேன்.

அவள் வாசலில் நாற்காலி போட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து யோசனை சொன்னாள்.

"மூடிய மாத்திப் பாத்தீங்களா?"

"மாத்தியாச்சு."

"பெரிய குழாய் எங்கேயாவது மடங்கியிருக்குமோ?"

"அதையும் புதுசு போட்டாச்சு."

"காத்துக் குழாய்?"

"அதுக்குத்தான் சல்லடை போட்டிருக்கேனே. கொசுகூட நுழையாது."

"அதானே. நீங்க போட்டதாச்சே" என்றாள், ரொம்ப மரியாதையாக. அந்த மரியாதையைக் கேட்டவுடனேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பத்து நாள் இப்படிப் போனது. நான் லாரிக்கடியில், அவள் நாற்காலியில். முகம் தெரியாததால் பேச்சு தாராளமாக வந்தது. ஒழுகிய முதல் வாடகை வீடு, அவள் எனக்கு முதன்முதலில் தைத்துக் கொடுத்து ஒரு கை நீளமாகிப்போன கட்டம் போட்ட சட்டை என்று என்னென்னவோ பேசினோம். இருபத்திரண்டு வருஷத்தில் அவ்வளவு பேசியிருக்கமாட்டோம். ஒரு நாள், வயிற்றில் தங்காமல் போன எங்கள் பிள்ளையைப் பற்றிப் பேச்சு வந்தது.

"அன்னைக்கு நீங்க லோடு ஏத்திட்டுப் போயிட்டீங்க" என்றாள். கோபமே இல்லை குரலில். "அஞ்சு நாள் கழிச்சுத்தான் வந்தீங்க."

ஏற்கெனவே இறுகியிருந்த ஒரு போல்ட்டை நான் இன்னும் இறுக்கினேன். அன்றைக்கும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் அவள் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிவிட்டாள். கழற்ற வேறு எதுவும் பாக்கியில்லை. கௌரவத்தை ஓரமாக வைத்துவிட்டு அந்தச் சல்லடை மூடியைத் திருகினேன். குழாய்க்குள்ளிருந்து ஒரு நூல் எட்டிப் பார்த்தது. இழுத்தேன். கட்டம் போட்ட துணி, இறுக்கமாகச் சுருட்டியது, வெளியே வந்தது. விரித்துப் பார்த்தேன். நாலு பக்கமும் ஓரம் மடித்துத் தைத்து, இழுப்பதற்கு வாகாக முனையில் நூலும் கட்டியிருந்தது. டேங்க்கை அடைக்கிற துணிக்கு யாராவது ஓரம் அடிப்பார்களா? தெருவுக்கே தைத்துக் கொடுத்த கை, பிசிறு விட மனசு வந்திருக்காது. அது என் சட்டை. நீளமாகிப்போன அந்தக் கை.

லாரிக்கடியிலேயே படுத்துக்கொண்டு அழுதேன். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். நாலு மணிக்கு நான் வீட்டுக்கு வர வேண்டும்.

அழுது முடித்தபோது ஒரு அற்ப சந்தோஷமும் வந்தது. பாவம், நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஆசையில் இப்படிச் செய்துவிட்டாள், டாக்டர் சொன்னது அவளுக்குத் தெரியாது. என் பொய் ஒன்றாவது உருப்படியாக நிற்கிறது. துணியை முன்பு இருந்தமாதிரியே சுருட்டி உள்ளே வைத்து, மூடியைத் திருகிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

அவள் விழித்திருந்தாள். மூத்தவளுக்கு வயசாகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வெளியூர் லோடையே விட்டுவிட்டேன், உள்ளூரிலேயே ஓட்டிக்கொள்கிறேன் என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னேன். பிரமாதமாக நடித்தேன் என்றுதான் நினைத்தேன். அவள் கட்டிலில் நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். உட்கார்ந்தேன். கிரீஸ் போகாத என் விரலை எடுத்துத் தன் போர்வை நுனியால் துடைத்தாள்.

"நூலை வெளியில விட்டுத்தானே வச்சீங்க?" என்றாள். "உள்ள தள்ளிடாதீங்க. மூணு மாசம், மிஞ்சிப் போனா நாலு. அப்புறம் நீங்க அதை எடுக்கணும்ல."