குலத்தலைவர் போட்ட கையெழுத்து

ஸ்காட்லாந்து மலைச்சரிவில், வருஷமெல்லாம் தூறிக்கொண்டே இருந்த ஒரு காட்டில், டூகல் மெக்நகம் என்ற காட்டுப்பூனை குலத்தலைவராக இருந்தார். குலத்தில் மற்ற எல்லோரும் முயல்கள். சிரிக்காதீர்கள்! அவர் பெயரைத் தங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டால் நரிக்குலம் கிட்டே வராது என்று முயல்களுக்கு ஒரு நம்பிக்கை. "நாமெல்லாம் ஒரே ரத்தம்" என்பார் டூகல். ருசி பார்த்தவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

மோராக் மெக்நகம் என்ற முயலும் அப்படி நம்பியவள்தான். நரிகளோடு நடந்த சண்டையில் தலைவருக்காக முன்வரிசையில் நின்று ஒரு காதையே பறிகொடுத்தாள்.

ஒருநாள் அவள் வளை வாசலில் செம்மறியாடுகள் வந்து நின்றன. "கம்பளிக்கு நல்ல கிராக்கி. இந்த இடத்தை உங்கள் தலைவர் எங்களுக்குக் கொடுத்துவிட்டார். காலி பண்ணுங்கள்" என்றன. மோராக் தலைவரிடம் ஓடினாள்.

"ஐயா, ஒரு நோட்டீஸ்கூடக் கொடுக்காமல் துரத்தலாமா?"

டூகலுக்குக் கண் கலங்கிவிட்டது. "நோட்டீஸ் எல்லாம் வெளியாளுக்கு, மகளே. நீ என் பிள்ளை. பிள்ளைக்கு யாராவது நோட்டீஸ் கொடுப்பார்களா?"

அதேபோலத் துரத்தப்பட்ட மற்ற முயல்களோடு மோராக் கப்பல் ஏறினாள்.

கனடாவில் இறங்கிய முயல்கள், வளை தோண்டுவதற்கு முன்பே மெக்நகம் குலச் சங்கம் தொடங்கின. ஸ்காட்லாந்து வழக்கப்படி கட்டம் போட்ட பாவாடை கட்டிக்கொண்டு, ஆண்டு விழாவுக்கு டூகலையே சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டன. வெட்கங்கெட்ட ஜென்மங்கள்! மோராக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வரட்டும், என் வளையைத் திருப்பி வாங்காமல் விடமாட்டேன்" என்று உட்கார்ந்து ஒரு மனு எழுதினாள்.

தலைவரைப் பார்க்கப் படிவம், டோக்கன், வரிசை. 'எந்த ஆண்டு துரத்தப்பட்டீர்கள்?' என்று படிவத்தில் ஒரு கேள்வி. முதலில் துரத்தப்பட்டவர்களுக்கு முன்னுரிமையாம். அவர்கள் மற்றவர்களை இளக்காரமாகப் பார்த்தார்கள்.

மூன்று மணி நேரம் கால்கடுக்க நின்று, மோராக் மனுவை நீட்டினாள். "அட, என் பிள்ளை!" என்ற டூகல், ஒரு வரிகூடப் படிக்காமல், தாளின் குறுக்கே பெரிதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"அடேயப்பா, உனக்கு முழுப்பெயரும் போட்டுவிட்டாரே! எங்களுக்கெல்லாம் வெறும் இனிஷியல்தான்" என்று பின்னால் நின்ற முயல் பொருமியது.

மோராக் தாளைப் பார்த்தாள். தலைவரைப் பார்த்தாள். அத்தனை கோபமும் எங்கே போனதோ! "என்னை அவர் மறக்கவே இல்லை" என்று விம்மினாள்.

அந்த மனு இப்போது அவள் கூடத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது.

நீதி: வீட்டைப் பிடுங்கியவரிடம் மனு கொடுக்கப் போகிறவர்கள், நல்ல கெட்டித் தாளில், கையெழுத்துக்குத் தாராளமாக இடம் விட்டு எழுதவும்.