பாறை தழுவிய வேரைப் படம்பிடித்த படலம்

வாழி, பகலொளியே! இலைக்கூரையின் இடுக்கு வழியே இறங்கிப் பாறைமுதுகில் பொன்பூசும் பெருந்தகையே! வெண்திரைக் காவலனும், இருவிளக்கு வித்தகனும், “முகவாயைக் கொஞ்சம் இறக்குங்க” என்னும் ஒற்றை ஆணையால் மணமகனையும் மாணவனையும் கைக்குழந்தையையும் ஒருங்கே சிலையாக்கியவனும், இருபத்தாறு ஆண்டுகளாக எவர் முகத்திலும் சிரிப்பென்னும் குற்றத்தை அனுமதியாதவனும் ஆகிய பாஸ்போர்ட் போட்டோக்காரன் காடு புகுந்த காதையைச் சொல்லத் துணிந்தோம். எமக்குச் சொல்வளமும் அவனுக்கு நல்ல வெளிச்சமும் அருள்க. இரண்டில் ஒன்றுதான் தரமுடியும் என்றால் அவனுக்கே கொடுத்துவிடுக.

ஏன் புகுந்தான்? மனைவியின் தம்பியால் புகுந்தான். புகைப்படச் சங்கத்தின் செயலாளனாகிய அந்த மச்சினன், ‘காடு’ என்ற தலைப்பில் கண்காட்சி அறிவித்த கையோடு, சாப்பாட்டு மேசையில் குடும்பமே கேட்க, “அத்தான், உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? ஸ்டூல்ல உக்கார வச்சாதானே உங்களுக்கு எடுக்க வரும்?” என்று சொல்லம்பு எய்தான். அம்பு நெஞ்சில் தைத்தது. அலுவலகக் கோப்புகளில் ஒட்டப்பட்டு, முத்திரை குத்தப்பட்டு, இருண்ட அலமாரிகளில் உறங்கும் தன் பல்லாயிரம் படங்களுக்கு நடுவே ஒரே ஒரு படமாவது சுவரில் தொங்கவேண்டும் என்று அவன் பல ஆண்டுகளாக ஏங்கிக்கொண்டிருந்தான். யாரிடமும் சொன்னதில்லை. மூன்று நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள், அதாவது மாலை ஐந்துக்குள் படம் கொடுக்கவேண்டிய கடைசி நாள், அவன் கடையைப் பூட்டினான். பறவையோ பறக்கும், மானோ ஓடும், அருவியோ ஒரு நொடியும் சொன்னபடி நில்லாது. ஆகவே கானகத்து உயிர்களில் அசையாது அமரவல்லது யாதென ஆராய்ந்து, பாறைமேல் படர்ந்த மரவேரே தனக்கேற்ற வாடிக்கையாளர் எனத் தெளிந்து, கேமரா நிறுத்தும் முக்காலியைத் தோளிலும் கேமராவைக் கழுத்திலும் தரித்து, வெண்குடையும் டீ ஃபிளாஸ்கும் ஏந்திய மனைவி பின்தொடர, முட்புதர் கடந்து, வழுக்குப்பாறை கடந்து, இருமுறை வழுக்கியும் கடந்து, அந்தத் தொன்மரபுடைய வேரின் முன் வந்து நின்றான். மண்ணெல்லாம் மழையில் கரைந்தபின் வெளிப்பட்டு, யானை மத்தகம் அன்ன பெரும்பாறையை ஐம்பது விரல்களால் இறுகப் பற்றியிருந்தது அவ்வேர். ஒளிக்கற்றை அதனை நோக்கி ஊர்ந்துவந்துகொண்டிருந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஆனால் அந்தோ! பாறையுச்சியில் வீற்றிருந்தான் ஒருவன். தொந்தி சரிய, காலணி களைந்து, நனைந்த சாக்ஸ் இரண்டையும் பெருவேரின்மேல் வெற்றிக்கொடிகளென உலர்த்தியிருந்தான் அந்த நடைப்பயிற்சிக்காரன்.

“சார், கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா? போட்டோ எடுக்கணும்” என்று முழங்கினான் நம் வீரன்.

“தாராளமா எடுங்க” என்றவன், தலைமுடியைக் கோதிக்கொண்டு சிரித்தான்.

“உங்கள இல்ல சார். வேர.”

“வேரையா?” சிரிப்பு மறைந்தது. “முட்டி வலிங்க. அரை மணி நேரத்துக்கு நான் எந்திரிக்கிறதா இல்ல.”

ஒளியோ அரை மணி நிற்கும் ஒளியன்று. வீரன் கண் சிவந்தான். முக்காலியின் கால்களைப் படீரென விரித்தான். மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி மடக்கினான். அப்போது, படையால் ஆகாததைத் தூதால் முடிக்கவல்ல நங்கையாகிய அவன் மனைவி ஃபிளாஸ்கைத் திறந்தாள். ஆவி எழுந்து பகைவன் நாசியைத் தொட்டது. “அண்ணே, அந்தப் பக்கம் சாஞ்சு உக்கார வசதியா ஒரு கல்லு இருக்கு. டீ அங்க வச்சுத் தர்றேன், வாங்க” என்றாள். முட்டி வலியை மறந்து எழுந்தான் அவன். சாக்ஸும் உடன் போயிற்று.

இனிதான் உண்மையான போர். வேரின் நெற்றியில் ஒட்டியிருந்த பழுப்பிலையை, விழுந்த முடியை ஒதுக்கும் பரிவோடு ஒதுக்கினான். பாசியைக் கைக்குட்டையால் துடைத்தான். இடப்புறம் நிழல் கனத்திருப்பதைக் கண்டு, டீ ஊற்றித் திரும்பிய மனைவியை வெண்குடை விரித்து நிற்கச் செய்து இருபக்கமும் ஒளியைச் சமன்செய்தான். கற்றை வந்து வேரைத் தொட்ட அந்நொடியில், எறும்புச் சேனை அவன் கால்சட்டைக்குள் புகுந்து கணுக்கால் வென்று, முழங்கால் வென்று, தொடைநாட்டின் எல்லையைத் தாண்டிற்று. அசைந்தானா? அசையவில்லை! ஆயிரம் பேரை அசையாதே என்று அதட்டியவன் தான் அசைவானா? பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி, “அப்படியே இருங்க” என்று வேருக்கு ஆணையிட்டு, அழுத்தினான். அதன்பின் குதித்த குதியில் முக்காலி சாய்ந்தது. கேமராவை மனைவி பிடித்துவிட்டாள்.

இருவரும் படத்தைப் பார்த்தனர். வேர் நட்டநடுவில் நிமிர்ந்திருந்தது. நிழல் எங்கும் இல்லை. பாறையின் இருபுறமும் புடைத்த வேர்முடிச்சுகள் ஒரே அளவில் தெரிந்தன.

“நல்லா வந்திருக்குங்க” என்றாள் மனைவி. “ரெண்டு காதும் தெரியுது.”

அவன் தொழிலில் இதற்கு மேற்பட்ட பாராட்டு கிடையாது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பின்னர் அவன் பாய்ந்ததும், பேருந்தின் படியில் தொற்றியதும், கடைக்கதவை ஒரே இழுப்பில் உயர்த்தியதும், கணினி உறுமியதும், அச்சுப்பொறி முனகியதும், கை தன்போக்கில் விசைகளைத் தட்டியதும், கத்தரி மின்னியதும், சூடாறாத படத்தை உறையிலிட்டுக் கடிகாரத்தை முந்தி ஓடியதும், ஐந்தடிக்க இரண்டு நிமிடம் இருக்கையில் சங்க மண்டபத்தின் வாயிலைப் பிளந்து நுழைந்ததும், கூடியிருந்தோர் வழிவிட, மச்சினனின் முகத்துக்கு நேரே, “இந்தா, மாட்டு சுவத்துல!” என்று உறையை நீட்டியதும் சொல்லில் அடங்குமோ! மச்சினன் உறையைப் பிரித்தான்.

உள்ளே பாஸ்போர்ட் சைஸில் எட்டு காப்பி இருந்தது.