நடு மொட்டு

கோபப்படவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் வீட்டில் ரோஜா கிடையாது. சொல்வார்.

மாடித் தொட்டியில் இருக்கும் என் ரோஜா, என்னைவிட ஒரு முழம் உயரம். உச்சியில் ஏழு கொத்து. கொத்துக்கு எட்டு, ஒன்பது மொட்டு. நடுவில் ஒன்று மட்டும் ராஜா மாதிரி பருத்து நிற்கும். இன்னும் பன்னிரண்டு நாளில் மலர்க் கண்காட்சி. மூன்று வருஷமாக முதல் பரிசை எதிர்வீட்டுத் தையல்காரர் தட்டிக்கொண்டு போகிறார். இந்தத் தடவை எனக்குத்தான் என்று ஆபீஸ் முழுக்கச் சவால் விட்டிருக்கிறேன்.

காலையில் மாடிக்குப் போனால், ஏழு ராஜாவையும் காணோம்! கிள்ளின காம்புதான் பச்சையாக நிற்கிறது.

"டேய் தையல்காரா!"

நான் போட்ட சத்தத்தில் தெருவே நிமிர்ந்து பார்த்தது.

"அவரை ஏங்க திட்டறீங்க? நான்தான் கிள்ளினேன்."

என் மனைவி. ஈரத்துணி வாளியோடு நிற்கிறாள்.

"ஏழையுமா?"

"ஒண்ணை மட்டும் விட்டா மத்தது கோவிச்சுக்காதா?"

"அடிப்பாவி! இருக்கறதுலயே பெரிசு அதுதானே!"

"அதான் கிள்ளினேன். அது முந்திக்கிட்டுப் பூத்துடும். மத்ததெல்லாம் விரியறப்ப அது வாடி, நடுவுல சொட்டை விழுந்துடும். மூணு வருஷமா அப்படித்தானே தோத்தீங்க?"

"யாரு சொன்னா உனக்கு?"

"தையல்காரர் சம்சாரம்."

எதிரி வீட்டு யோசனை! குடி கெட்டது. எனக்குச் சாப்பாடே வேண்டாம் என்று கத்தினேன். சரி என்று மூடி வைத்துவிட்டாள். அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

சாயங்காலம் கண்காட்சிப் படிவத்தை நீட்டினாள்.

"பேர் குடுக்கலையா?"

"இந்த அரைகுறைக் கொத்துக்கு என் பேரா? போறது உன் மானமாவே போகட்டும்!"

'வளர்த்தவர்' என்ற இடத்தில் அவள் பெயரைக் காகிதம் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினேன்.

"நல்லா யோசிச்சுக்கங்க. பேனாவுல எழுதினா அழிக்க முடியாது."

"அழிக்கறதா? அடிக்கோடே போடறேன், பாரு!"

போட்டேன். இரண்டு.

கண்காட்சியன்று பார்த்தால், எல்லாப் பூவும் ஒன்றாக விரிந்திருக்கிறது. ஒவ்வொரு கொத்தும் ஒரு கூடை. நடுவில் விரல் நுழைய இடமில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பாழாய்ப்போன படிவத்தை நினைத்தால் வயிறும் எரிந்தது. தொட்டியை இடுப்பு ஒடியத் தூக்கிப் போனதும் நான்தான்.

முதல் பரிசு எங்கள் செடிக்கு. மைக்கில் அவள் பெயர். அவள் கையில் கோப்பையைக் கொடுத்த நடுவர், முள் கீறின முகமும் மண் அப்பின சட்டையுமாக நின்ற என்னைப் பார்த்தார்.

"தோட்டக்காரர் ரொம்ப உழைச்சிருக்கார் போல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்:

"ஆமாங்க, தங்கமான மனுஷன். கொஞ்சம் முன்கோபி, அதனால செடிகிட்ட மட்டும் விடறதில்லை."