வெள்ளானூரில் நிற்கும் வண்டியைப் பற்றி மச்சானுக்கு

வெள்ளானூர், ஆவடி வழி
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் தட்சிணாமூர்த்தி அவர்களுக்கு,

வெள்ளானூரிலிருந்து கோதண்டம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் உடம்பளவில் நலம். திண்டிவனத்தில் தாங்களும் சரசா அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பத்து நாளாக உங்கள் வீட்டில் தங்கியிருக்கும் என் மனைவி லோகநாயகியும் நலம்தான் என்று எங்கள் மகள் கிருஷ்ணப்பிரியா மூலம் அறிந்தேன். சொந்த மனைவியின் நலத்தைப் பெங்களூரில் இருக்கும் மகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை உங்கள் எதிரிக்கும் வரக்கூடாது.

போன வாரம் நீங்கள் போன் செய்து, "இன்னா மாப்ள, தங்கச்சி வாயத் தொறக்க மாட்டேங்குது, என்ன நடந்திச்சி?" என்று கேட்டபோது சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நடந்ததை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆவடியில் ராணுவப் பணிமனையில் முப்பத்து நான்கு வருடம் லாரிகளைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். நான் பார்த்து அனுப்பிய வண்டி லடாக் போயிருக்கிறது, அஸ்ஸாம் போயிருக்கிறது. நான் கேட்டைத் தாண்டினால் நேராக வீடு. லோகநாயகி கல்யாணமான வருடமே ராமேஸ்வரம் போகவேண்டும், பாலத்தில் ரயில் போகும்போது இரண்டு பக்கமும் கடலைப் பார்க்கவேண்டும் என்றாள். ஒவ்வொரு வருடமும் ஓவர்டைம் வந்தது, அடுத்த வருடம் என்றேன். கடைசியில், ரிட்டயர் ஆனதும் ராமேஸ்வரம் என்ன, இந்தியா முழுக்கவே காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவள் கேட்டது ஒரு ரயில் டிக்கெட். நான் ரிட்டயர் ஆன மூன்றாம் மாதம் ஏலத்தில் ஒரு பழைய மிலிட்டரி லாரியை எடுத்துக்கொண்டு வந்து நின்றேன். உள்ளே கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் வைத்து, ஓடுகிற வீடாக மாற்றி, அதிலேயே ஊர் ஊராகப் போவதாகத் திட்டம். அவளிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சந்தோஷப்படுத்தலாம் என்று நினைத்தேன்.

வண்டி எங்கள் தெருவில் திரும்பவே இல்லை. முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போனதில் பக்கத்து வீட்டு வேம்புலியம்மாளின் துளசி மாடம் சாய்ந்தது. அந்த அம்மாள் வெளியே வந்து வண்டியை மேலும் கீழும் பார்த்துவிட்டு லோகநாயகியிடம், "இன்னாமே, உங்க ஊட்டுக்காரு யார்கூட சண்டைக்குப் போறாரு?" என்று கேட்டாள். லோகநாயகி வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், துளசி மாடத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அது சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

எஞ்சினை மண்ணூர்பேட்டை மெக்கானிக் துலுக்கானத்திடம் ஒப்படைத்தேன். அவர் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "சார், இது எஞ்சினு இல்ல, சாமி. இதாண்ட வேண்டிக்கினுதான் கேக்கணும்" என்றார். ஒரு பாகம் வேண்டுமென்றால் அது உலகத்திலேயே இல்லை என்பார், நான்கு மாதம் கழித்து எங்கிருந்தோ கொண்டுவருவார், அதைப் பொருத்தினால் அடுத்த பாகம் போயிருக்கும். அதற்குள் பச்சை நிறம் பிரச்சினை ஆனது. ராணுவப் பச்சையில் தனியார் வண்டி ஓட்டக்கூடாதாம். முப்பத்து நான்கு வருடம் அந்த நிறத்தையே பார்த்தவனுக்கு இந்த விதி தெரியவில்லை. பெயின்ட் கடைக்காரர் நல்ல நிறம் என்று சொல்லி நீலம் அடித்துக் கொடுத்தார். அது மே மாதம், மச்சான். மறுநாள் காலையில் எழுந்து வாசலுக்கு வந்தால் வண்டியின் பின்னால் பதினெட்டு குடம் வரிசையில் நிற்கிறது.

இது தண்ணீர் லாரி இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். வேம்புலியம்மாள்தான் வரிசையில் முதல் ஆள். "அப்ப உள்ள இன்னா கீது?" என்றாள். வீடு இருக்கிறது, கட்டில், அடுப்பு எல்லாம் வரப்போகிறது என்றேன். "ஊட்டாண்டயே ஊடு கட்டிக்கினு இன்னாத்துக்கு சார் அதுல போய் குந்திக்கினு?" என்று கேட்டாள். பிறகு இரண்டு பக்கமும் 'இது குடிநீர் வண்டி அல்ல' என்று எழுதவேண்டியதாயிற்று. இப்போது கொரியர்காரர்கள் எங்கள் தெருவுக்கு வழி கேட்டால், 'குடிநீர் வண்டி அல்ல' தெரு எது என்றுதான் கேட்கிறார்கள்.

இவ்வளவு வரை சிரித்துவிட்டுப் போகலாம். இனி எழுதப்போவதுதான் எனக்கு உறுத்துவது. வீட்டில் இருந்த பொருட்கள் ஒவ்வொன்றாக வண்டிக்குள் போயின. முதலில் ஹால் ஃபேன், அப்புறம் குக்கர், அப்புறம் மிக்சி. சோதித்துப் பார்க்கவேண்டும் அல்லவா, அதனால் கொண்டுபோய்ப் பொருத்தினேன். காலையில் சட்னி அரைக்கவேண்டும் என்றால் லோகநாயகி தேங்காயும் மிளகாயும் போட்ட கிண்ணத்தைக் கீழே நின்று என்னிடம் நீட்டுவாள், நான் மேலே நின்று அரைத்துக் கொடுப்பேன். என் வண்டியை நானே கையாளட்டும் என்று மரியாதைக்கு விடுகிறாள் என நினைத்தேன். ஜன்னல் அளவுகளை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, பூப்போட்ட துணியில் ஆறு திரைச்சீலை தைத்துத் தா என்றேன். தைத்துத் தந்தாள். மூன்று வருடத்தில் ஒருநாள்கூட அவள் அந்த வண்டிக்குள் கால் வைத்ததில்லை. இதை நான் கவனிக்கவே இல்லை, மச்சான். வண்டியில் ஒரு ஆணி தளர்ந்தால் எனக்குத் தெரியும்.

வண்டி தயாராகி, போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பூஜை போட்டோம். பூண்டி ஏரி வரை போய் மதியச் சாப்பாடு சாப்பிட்டு வருவதாக ஏற்பாடு. தெருவே வந்திருந்தது. துலுக்கானம் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பின்கதவைத் திறந்து, "வா லோகு, ஏறு" என்று நான் மேலிருந்து கையை நீட்டினேன். அவள் புதுப்புடவையில் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். தரையிலிருந்து தளம் நாலடி உயரம். நடுவில் கால் வைக்க ஒற்றைக் கம்பி. பட்டாளத்துக்காரர்கள் தாவி ஏறுவதற்காகச் செய்தது. அவள் வலது காலைத் தூக்கினாள், பாதியில் முகம் மாறியது, இறக்கிவிட்டாள். யாரோ ஸ்டூல் கொண்டுவந்தார்கள். ஸ்டூல் ஆடியது. பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். அதன்மேல் ஏறவே இன்னொரு ஸ்டூல் தேவைப்பட்டது. வேம்புலியம்மாள், "நான் பின்னாலருந்து தள்றேன், நீ பயப்படாத ஏறுமே" என்றாள். துலுக்கானம் நல்ல மனதோடு, "அக்கா, பலகை ஒண்ணு சாய்ச்சி உட்டா கயித்தப் புடிச்சி இஸ்துடலாம்" என்றார். எஞ்சினை ஏற்றிய பலகை அது. இரண்டு பையன்கள் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நானோ மேலே நின்றுகொண்டு, "கொஞ்சம் முயற்சி பண்ணு, எல்லாரும் பார்க்கறாங்க" என்றேன். அதைத்தான் நான் சொல்லியிருக்கக்கூடாது.

அவள் நாற்காலியை எடுத்து ஓரமாக வைத்தாள். "மூணு வருஷமா டேப்ப கையில வச்சிக்கினு அளந்தீங்களே. என் முட்டி எவ்ளோ மடங்கும்னு ஒரு நாளு கேட்டீங்களா?" என்றாள். அப்புறம், "நீங்க போய்ட்டு வாங்க" என்று வீட்டுக்குள் போனாள். பூண்டிக்குப் போகவில்லை. கொஞ்ச நாள் பேச்சு இல்லாமல் வீட்டில் ஓடியது. பிறகு ஒரு காலையில் பையுடன் ஷேர் ஆட்டோ ஏறி ஆவடி ஸ்டேஷன் போய் உங்களிடம் வந்துவிட்டாள். மேஜைமேல் முட்டி டாக்டரின் சீட்டு இருந்தது. எடுத்துப் பார்த்தேன். முதல் தேதி நான் வண்டி வாங்குவதற்கு ஒரு வருடம் முந்தையது.

அவள் போனதும் முதல் இரண்டு நாள் எனக்குக் கோபம்தான் இருந்தது. யாருக்காகச் செய்தேன் என்று கேட்டுக்கொண்டு, சாப்பாட்டை வண்டிக்குள் கொண்டுபோய்ச் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் மதியம் அந்தக் கட்டிலில் படுத்திருந்தேன். என் உயரத்துக்கு அளந்து செய்த கட்டில், ஒருவர்தான் படுக்கலாம். அதுவும் அன்றுதான் தெரிந்தது. காற்றில் திரைச்சீலை ஆடியது. அதன் கீழ்மடிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தையல் பிசகவில்லை. எங்கள் வீட்டுத் தையல் மெஷின் கால்மிதி மெஷின், மச்சான். ஆறு ஜன்னலுக்கும் அதை மிதித்தது அந்த முட்டிதான். நான் அப்போது பக்கத்து அறையில் உட்கார்ந்து, மெஷின் சத்தம் போடுகிறது, எண்ணெய் விடு என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அவளே உள்ளே வந்து பார்க்கமுடியாத ஜன்னலுக்குத் திரை தைத்திருக்கிறாள். எழுந்து உட்கார்ந்தேன்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். வண்டியை விற்கிறேன். பூந்தமல்லியிலிருந்து செல்வகுமார் என்பவர் நாளைக் காலை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஃப்ரைட் ரைஸ் கடை போடப்போகிறாராம். மிக்சி, குக்கர், ஃபேன் மூன்றையும் இன்று கழற்றி வீட்டில் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். அடுத்த மாதம் ராமேஸ்வரத்துக்கு இரண்டு ரயில் டிக்கெட் எடுத்திருக்கிறேன், இரண்டும் கீழ் பெர்த். இதை லோகநாயகியிடம் எப்படிச் சொன்னால் சரியாக இருக்குமோ அப்படிச் சொல்லுங்கள். நான் எழுதியதை அப்படியே படித்துக் காட்டவேண்டாம். வண்டிப் பேச்சே இனி இந்த வீட்டில் எழாது என்று உங்கள் மேல் ஆணையாகச் சொல்கிறேன்.

சரசா அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். உங்கள் ரத்தக்கொதிப்பு மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுங்கள். என்னால் அது ஏறியிருந்தால் மன்னிக்கவும்.

தங்கள் அன்புள்ள,
கோதண்டம்

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து, புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு இதை எழுதுகிறேன். செல்வகுமார் வந்தார். நல்ல மனிதர். வண்டிக்குள் ஏறிச் சுற்றிப் பார்த்துவிட்டு, திரைச்சீலையை இரண்டு விரலால் பிடித்து, "மொதல்ல இந்தத் துணியெல்லாம் கிழிச்சிப் போட்ரணும் சார், எண்ணெ பட்டா புடிச்சிக்கும்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் கையில் இருந்த சாவியை நான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டு அவரை அனுப்பிவைத்தேன். வண்டியை விற்கவில்லை. உங்கள் மேல் போட்ட ஆணைக்கு மன்னிக்கவேண்டும். ராமேஸ்வர டிக்கெட்டில் மாற்றம் இல்லை. துலுக்கானத்தை வரச்சொல்லி வண்டிக்குப் பின்னால் படிக்கட்டு வைக்கக் கேட்டேன். எத்தனை படி, ஒவ்வொன்றும் எத்தனை அங்குலம் என்று கேட்கிறார். உங்கள் வீட்டு வாசல்படியில் லோகநாயகி சிரமப்படாமல்தான் ஏறுகிறாளா என்று பார்த்து, அந்தப் படியின் உயரத்தை அளந்து எழுதவும். இல்லை, வேண்டாம். நீங்கள் அளக்கவேண்டாம். அவளிடமே கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். பயப்படவேண்டாம், ரயில் வண்டிதான்.