ஊசி தேடுவோர்க்கான சவுகரியங்கள்

மனித குலம் எத்தனையோ பொருள்களைத் தேடியிருக்கிறது. கடலில் முத்தைத் தேடியது, ஜவ்வாது மலையில் சந்தனத்தைத் தேடியது. ஆனால், தேடுகிறவனின் இடுப்பும் முழங்காலும் காதும் நோகாமல் தேடவேண்டும் என்ற உயர்ந்த தத்துவத்தை உலகுக்கு அளித்த பெருமை ஆம்பூரைச் சேர்ந்தது. இன்னும் சரியாகச் சொன்னால், பாலாற்றங்கரைப் பக்கம் இருந்த ஒரு ஷூ கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு மேலாளர் திரு. எபனேசர் அவர்களைச் சேர்ந்தது. கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இலவச விளம்பரம் செய்யும் நிலையில் நாம் இல்லை.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஜெர்மனியிலிருந்து ஒரு ஃபேக்ஸ் வந்தது. கம்பெனி அனுப்பிய குழந்தைகள் ஷூ ஒன்றில் உடைந்த தையல் ஊசியின் துணுக்கு இருந்ததாம். இனி ஒவ்வொரு ஷூவையும் உலோகம் கண்டறியும் கருவியால் தடவிப் பார்த்த பிறகே பெட்டியில் போடவேண்டும். தைக்கும்போது ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளும் கைக்கு வரவேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் சரக்கு கப்பல் ஏறாது.

எபனேசர் ஃபேக்ஸைப் படித்துவிட்டுக் கண் கலங்கினார். "குழந்தை எந்த ஊரா இருந்தா இன்னா? விரல் விரல்தான்," என்றார். கம்பெனி முழுக்க இந்த வாசகத்தை எழுதி ஒட்டினார்கள்.

கருவி வாங்குவதில் சிரமம் இருக்கவில்லை. சென்னையில் கிடைத்ததிலேயே மலிவானதை வாங்கினார்கள். பேட்டரியில் ஓடுவது; பார்க்கத் தோசைத் திருப்பி மாதிரி இருந்தது. சிரமமெல்லாம் அதோடு வந்த வண்ணப் புத்தகத்தில் இருந்தது. அது வெளிநாட்டுக் கடற்கரைகளில் பழைய நாணயம் தேடித் திரியும் கனவான்களுக்காக எழுதப்பட்டது. 'சவுகரியமான, நடைமுறைக்கு ஏற்ற துணைக்கருவிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?' என்று அதில் ஓர் அத்தியாயமே இருந்தது. எபனேசர் அதை வேதபாடம் போல வாசித்தார். மறுநாளே 'உலோகம் கண்டறிதல் துணைக்கருவிகள் தேர்வுக் குழு' உதயமாயிற்று.

குழுவில் மூன்று பேர். எபனேசர் தலைவர். பர்சனல் ஆபீசர் இருதயராஜ் செயலாளர். மெஷின்களைப் பழுது பார்க்கும் மெயின்டனன்ஸ் பிரிவின் வேதாசலம் உறுப்பினர். கருவியைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நிற்கப்போகிற பெண்களில் ஒருவரையும் சேர்க்கவில்லை. அவர்களுக்கு வேலை இருந்தது.

குழு ஜெபத்தோடு தொடங்கியது.

"முழங்கால் பட்டை வேணும் சார்," என்றார் இருதயராஜ். "ஊசி தரையில விழுந்தா மண்டி போடணும்."

"மண்டி போடப்போறது நீங்களா?"

"மேற்பார்வைக்குக் குனியணும் இல்ல சார்."

முழங்கால் பட்டை ஏகமனதாக நிறைவேறியது. எஃகுக் கொக்கி வைத்தது; நீண்ட நாள் உழைக்கும். அடுத்து இடுப்பு வார். நம் கம்பெனித் தோல், பித்தளைப் பக்கிள், கருவியைச் செருக ஓர் உறை. அடுத்து கையுறை. ஊசி தேடுகிறவர்களின் விரலில் ஊசி குத்திவிடக் கூடாது அல்லவா? மெத்தென்ற ஸ்வேட் தோலில் மூன்றே மூன்று ஜோடி. குழுவில் மூன்று பேர்தானே.

நெடிய விவாதம் நடந்தது ஹெட்ஃபோனைப் பற்றித்தான்.

"கருவி கத்துறது வெளிய கேட்டா ஒர்க்கர்ஸ் பயந்துடுவாங்க," என்றார் எபனேசர். "நம்ம காதுக்குள்ள மட்டும் கத்தணும்."

பஞ்சு வைத்த ஹெட்ஃபோன் ஒன்றை மாட்டிக்கொண்டு சோதித்தார். இருதயராஜ் பக்கத்திலேயே நின்று "சார், சார்" என்று கூப்பிட்டும் தலைவர் திரும்பவில்லை. 'மிகச் சிறப்பு' என்று முடிவாயிற்று.

கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கத் தினமும் ஓர் இரும்புத் துண்டை அதனிடம் காட்டவேண்டும் என்றும் புத்தகம் சொன்னது. வேதாசலம் ஸ்டோருக்குப் போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். உள்ளே வளைந்த கம்பிகள்.

"சும்மா கெடக்குது சார். போன மாசம் நீங்க கழட்டச் சொன்னது."

"நானா? எதுக்கு?"

"புரொடக்‌ஷனுக்கு இடைஞ்சலா இருக்குதுன்னீங்க."

"அப்ப சரியாத்தான் சொல்லியிருப்பேன்."

ஒரு கம்பியின் நுனியில் மட்டும் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. பார்க்க அதிகாரபூர்வமாகத் தெரிந்ததால் அதையே தேர்ந்தெடுத்து இடுப்பு உறையில் போட்டார்கள். கம்பெனிக்கு ஒரு செலவும் இல்லை. வேதாசலத்தைக் குழு பாராட்டியது.

இவ்வளவு ஏற்பாடும் முடிந்தும், தேடுவதற்கு ஊசிதான் கிடைக்கவில்லை. அந்தக் குறையையும் சுந்தரி தீர்த்துவைத்தாள்.

சுந்தரி மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவள். மூன்றாவது லைனில் ஷூவின் மேல்தோலைத் தைப்பவள். ஒரு நாள் காலை, தோலோடு சேர்ந்து அவளுடைய இடது ஆள்காட்டி விரலும் ஊசிக்கு அடியில் போய்விட்டது. ஊசி படக்கென்று உடைந்தது. மேல் பாதி மெஷினிலேயே நின்றது. முனையைக் காணோம். லைன் சூப்பர்வைசர் அஃப்ஸர் ஜஹான் ஓடிவந்து, தன் துப்பட்டா ஓரத்தைக் கிழித்து விரலில் கட்டினார். இருதயராஜும் ஓடினார், மைக்கை நோக்கி.

"அனைவரும் கவனிக்கவும். மூணாவது லைன்ல ஊசி போச்சு. யாரும் எதையும் தொட வேண்டாம்."

கேன்டீன் கான்ட்ராக்டர் எலியாஸ் காதில் இது 'ஊசிப்போச்சு' என்று விழுந்தது. அவர் மானஸ்தர். இரண்டு அண்டா சாம்பாரையும் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு மூச்சிரைக்க வந்தார்.

"காலைல வெச்ச சாம்பார் சார். எவன் சொன்னான் ஊசிப்போச்சுன்னு?"

"சாம்பார் இல்லய்யா. ஊசி."

"சாம்பார்ல ஊசியா?" என்று எலியாஸ் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று கம்பெனி முழுக்க ஊறுகாயோடு சோறு தின்றது. சுந்தரி தின்னவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு எபனேசர் எதிரில் வந்து நின்றாள்.

"சார், விரலு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கினு வந்துடறேன் சார்."

"ஊசியைப் போட்டதே நீதான்மா. எங்க போட்டேன்னு மொதல்ல சொல்லு."

குழு உறுப்பினர்கள் சிரித்தார்கள். தலைவருக்கு நகைச்சுவை உணர்வு ஜாஸ்தி. பிறகு அவர் விதியை விளக்கினார். முனை கிடைக்கிறவரை சுந்தரி தினமும் வேலை நேரம் முழுக்க, நின்றுபோன மெஷின் பக்கத்திலேயே உட்காரவேண்டும். நடுவில் வெளியே போகச் சீட்டு கிடையாது. முனை கம்பெனி எல்லையைத் தாண்டக் கூடாது. வேலைக்கு வராமல் நின்றால் ஊசியை அவளே ஒளித்ததாகக் கருதப்படும். ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சீட்டு கொடுப்பதோ காலையில் மட்டும்தான். அந்த நேரத்தில் அவள் கம்பெனியில் உட்கார்ந்து கம்பெனியின் நேர்மையைக் காத்துக்கொண்டிருந்தாள்.

குழு தேடத் தொடங்கியது. அடடா, அந்தக் காட்சியைப் பார்த்திருக்க வேண்டும். முழங்காலில் பட்டை, இடுப்பில் வார், கையில் உறை, காதில் ஹெட்ஃபோன். போருக்குப் போகிறவன்கூட இவ்வளவு மாட்டிக்கொள்ள மாட்டான். எபனேசர் மண்டியிட்டுக் கருவியைத் தரையில் நீட்டினார். கருவி கத்தியது. நகர்ந்து மண்டியிட்டார். அங்கேயும் கத்தியது. எங்கே மண்டியிட்டாலும் கத்தியது.

"தரை முழுக்க ஊசி," என்றார் நடுங்கும் குரலில்.

வேதாசலம் ஆள்களை விட்டு மூன்றாவது லைனின் சிமெண்டுத் தரையைப் பெயர்த்தார். உள்ளே மண் இருந்தது. முழங்கால் பட்டையின் எஃகுக் கொக்கியை யாரும் சந்தேகிக்கவில்லை. அது குழு தேர்ந்தெடுத்தது. அதற்கு மறுநாள் இருதயராஜின் தொப்பைக்கு நேரே கருவி வீறிட்டது.

"இருதயராஜ், நீங்க எதையாவது முழுங்கினீங்களா?"

"பக்கிள் சார்," என்றார் இருதயராஜ். தலைவர் காதில் ஹெட்ஃபோன் இருந்ததால் "பிக்கிள்" என்று கேட்டுவிட்டது. கேன்டீனின் ஊறுகாய் ஜாடிகளை எல்லாம் சோதித்தார்கள். எலியாஸ் அன்றே கான்ட்ராக்டை விட்டுவிடுவதாகச் சொல்லி அழுதார்.

இப்படி நாள்கள் போயின. சுந்தரியின் விரல் முதலில் சிவந்தது, பிறகு கறுத்தது. அவள் சுருண்டு உட்கார்ந்து முனகினாள். அஃப்ஸர் ஜஹானுக்குப் பொறுக்கவில்லை.

"சார், அந்தப் பொண்ணு கை மணிக்கட்டு வரைக்கும் வீங்கிக் கெடக்குது. பாக்கவே பேஜாரா இருக்குது. அரை நாள் வுடுங்க சார்."

எபனேசர் ஹெட்ஃபோனை ஒரு பக்கம் தூக்கிக் கேட்டார். "கப்பல் நிக்குதும்மா. அங்க ஒரு குழந்தையோட விரல் சம்பந்தப்பட்ட விஷயம்."

இந்த இடத்தில் வாசகர்களுக்குக் கோபம் வரக்கூடும். அடக்கிக்கொள்ளுங்கள். குழு அல்லும் பகலும் உழைத்துக்கொண்டிருந்தது.

கடைசியில் கரண்ட் போன ஒரு மத்தியானம் அந்தப் புண்ணியம் நடந்தது. மின்விசிறி நின்றது. வேர்வை தாங்காமல் எபனேசர் பட்டை, வார், கையுறை எல்லாவற்றையும் கழற்றிப் பீரோவில் போட்டார். ஹெட்ஃபோனையும் பிடுங்கி வைத்தார். அப்போது சுந்தரி வந்து, வீங்கிய கையை அவர் மேஜைமேல் வைத்தாள்.

"முடியல சார்."

"போம்மா, போ," என்று அவர் கையை வீசினார். கையில் கருவி இருந்தது. அது வீறிட்டது. இன்னொரு முறை வீசினார். அவள் விரலுக்கு நேரே மறுபடியும் வீறிட்டது.

எபனேசர் எழுந்து நின்றார். அவர் முகத்தில் பரலோகத்து ஒளி படர்ந்தது. "கிடைச்சிடுச்சு," என்றார்.

ஆம்பூர் முழுக்கத் தேடிய முனை, தினமும் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஏறி மாதனூருக்குப் போய், காலையில் தவறாமல் வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

"அப்பவே விரல்ல கோளாறுன்னு சொன்னேனே சார்," என்றார் அஃப்ஸர் ஜஹான்.

"விரல்னு சொன்னே. ஊசின்னு சொன்னியா?"

ஜெர்மனிக்கு உடனே ஃபேக்ஸ் போனது: 'எங்கள் சரக்கில் அந்நியப் பொருள் ஏதும் இல்லை. அந்நியப் பொருள் தொழிலாளியிடம் உள்ளது.' ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா இனிப்பு வரவழைத்துக் குழு பகிர்ந்துண்டது. சுந்தரியைக் கம்பெனி ஜீப்பிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கூடவே இருதயராஜும் போனார். அவளுக்குத் துணையாக என்று எண்ணவேண்டாம். முனையைத் திருப்பி வாங்க ஆள் வேண்டுமே.

அறுவை முடிந்து வெளியே வந்த டாக்டரம்மா அவரைப் பார்த்தார்.

"இவ்ளோ நாள் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"தேடிக்கிட்டிருந்தோம் டாக்டர்."

"அழுகிப்போச்சு. எடுத்தாச்சு."

"முனையா டாக்டர்?"

"விரல் முனை. மேல் கணுவோட."

"அது இல்ல டாக்டர்," என்றார் இருதயராஜ் பணிவாக. "ஊசி முனை."

டாக்டரம்மா உள்ளே போய், ஒரு சின்னக் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். இருதயராஜ் அதிலிருந்த ஊசி முனையைத் துடைத்து இடுப்பு உறையில் பத்திரப்படுத்தினார். அந்த உறை நடைமுறைக்கு எவ்வளவு ஏற்றது என்பது அன்று நிரூபணமாயிற்று. கப்பல் கிளம்பியது.

சுந்தரி திரும்பி வந்தபோது கம்பெனி அவளைக் கைவிட்டுவிடவில்லை. ஒன்பது விரலும் சொச்சமும் வைத்துக்கொண்டு தைக்க முடியாது என்பதால், உலோகம் கண்டறியும் அறையிலேயே வேலை கொடுத்தார்கள். முதல் நாள் எபனேசரே வந்து வேலையைச் சொல்லிக் கொடுத்தார். புதிதாக வாங்கிய குஷன் நாற்காலியில் அவர் உட்கார்ந்துகொண்டார்.

"காலைல வந்ததும் இந்தக் கம்பியை எடுத்து ஷூவுக்குள்ள போட்டு, மேல கருவியைக் காட்டணும். கத்தணும். கத்துதான்னு நான் காதுல கேட்டுச் சொல்றேன். எங்க, செய்."

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார். சுந்தரி மேஜைமேல் கிடந்த இடுப்பு வாரின் உறைக்குள் கைவிட்டுக் கம்பியை எடுத்தாள். அந்தச் சிவப்புப் பொட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சார், இது ஃபிங்கர் கார்டு சார். என் மெஷின்ல ஊசிக்கு முன்னாடி இருந்துச்சே, விரலு உள்ள போவாம இருக்க. அதான் இது. வேற யாருதோடவும் மாறிடக் கூடாதுன்னு நான்தான் நெயில் பாலிஷ் வெச்சேன். வேகம் கம்மியாவுதுன்னு நீங்க கழட்டச் சொன்னீங்க. இது இருந்திருந்தா என் விரலு..."

எபனேசர் காதைத் தொட்டுக்காட்டி, கேட்கவில்லை என்று சைகை செய்தார். 'ம், காட்டு' என்று தலையை ஆட்டினார்.

அவள் கம்பியை ஷூவுக்குள் போட்டுக் கருவியைக் காட்டினாள். வெளியே ஒரு சத்தமும் இல்லை. அவர் காதுக்குள் மட்டும் அது கத்தியது. எபனேசர் மலர்ந்த முகத்தோடு கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். மெத்தென்ற ஸ்வேட் கையுறைகளுக்குள் அவருடைய பத்து விரலும் பத்திரமாக இருந்தன.