ஐரிஸ் மொட்டும் என் பத்து விரலும்

ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள் கட்டுரை எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. வாய்க்கு வராததெல்லாம் விரலுக்கு வந்துவிடும். பயந்தால் கையில் கிடைத்ததைக் கிழிப்பேன். பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை, ஒருமுறை பக்கத்து சீட்டு அம்மாவின் மல்லிகைச் சரம்.

என் மகளுக்கு வந்த முதல் வரன், "பொண்ணோட அம்மா மொகங்குடுத்தே பேசலை" என்று தட்டிப்போனது. இரண்டாவது வரன் ஜேடர்பாளையம். பையனை மகளுக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. மாப்பிள்ளை வீடு பார்க்க நானும் என் வீட்டுக்காரரும் வெண்ணந்தூரிலிருந்து கிளம்பியபோது வாசல் வரை வந்தாள்.

"அம்மா, இந்தத் தடவ ரெண்டு வார்த்தயாச்சும் பேசும்மா."

"பேசறேன் சாமி."

பையனின் அம்மா கலகலப்பானவர். காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் எங்களைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய்விட்டார். சுவரோரம் இரண்டு தொட்டி. இரண்டிலும் விசிறிபோல நீள நீள இலைகள்.

"ஐரிஸ்ங்க. எங்க மாமியாரு ஏற்காட்டுல இருந்து கொண்டாந்தது. இது மஞ்சப்பூ. அது வெள்ளைன்னு மாமியாரு சொல்லுவாங்க. எங்கூட்டுக்காரரு, இல்ல, அதும் மஞ்சதான்னு சாதிக்கறாரு. தொட்டி மாத்துனதுல இருந்து அது பூக்கவே இல்லீங்க. எலையப் பாத்தா உங்களுக்கு ஏதாச்சும் தெரியுதுங்களா?"

பேச வேண்டிய இடம் இதுதான் என்று மகளின் முகம் கண்ணுக்குள் வந்தது. குனிந்து, பூக்காத தொட்டியின் இலையைத் தடவினேன்.

"மஞ்சளுக்கு எலை ஒல்லியா இருக்குதுங்க. இதுக்கு அகலம். நடுநரம்பும் எடுப்பா இருக்குது. இது வேற சாதிங்க." (ஐரிஸ் என்ற செடியை அன்றுதான் பார்க்கிறேன்.)

"அப்படிங்களா!" என்று அவர் பூரித்தார். என் வீட்டுக்காரர், தானே வளர்த்த மேதையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். நான் மேலும் பேசினேன். நுனி கூர்மை, அடி வெளிறல் என்று ஏதேதோ. விரல்களும் சும்மா இல்லை.

"எப்படியும் நாளைக்குத் தெரிஞ்சிரும்ங்க" என்றார் அவர். "இப்பத்தான் மொத மொட்டு வெச்சிருக்குது! இதுல பூத்தண்டு அச்சு அசலா எலையாட்டமே இருக்கும். பக்கவாட்டுலதான் மொட்டு வரும். இங்கதான் இருந்துச்சு… எங்கீங்க காணோம்?"

என் கையைப் பார்த்தேன். நார் நாராகக் கிழிந்த ஓர் 'இலை'. அதன் பக்கவாட்டில் ஒரு மொட்டு. சட்டென்று முந்தானைக்குள் ஒளித்தேன்.

"ஏம்புள்ள, கையில என்ன?" என்றார் என் வீட்டுக்காரர். (மனிதருக்குக் கண் தெரிந்தது வாழ்க்கையிலேயே அந்த ஒரு தடவைதான்.)

நீட்டினேன். அந்த அம்மாவின் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது.

"அக்கா, இதுக்காக எம் புள்ளைய வேண்டாம்னு சொல்லீராதீங்க" என்றேன். அன்று நான் தெரிந்து பேசியது அது ஒன்றுதான்.

அவர் மொட்டை வாங்கி, டம்ளரில் தண்ணீர் ஊற்றி அதில் வைத்தார். பஸ்ஸில் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே வந்தேன். வீட்டில் மகள், "பேசுனியாம்மா?" என்றாள். "பேசினேன் சாமி" என்றேன்.

இன்றைக்கும் சம்பந்தி வீட்டுக்குப் போனால், செருப்பைக் கழற்றுமுன் ஒரு கட்டு முருங்கைக்கீரை என் மடியில் விழும். "மொதல்ல இதைக் கிழிங்க சம்பந்தி, அப்பறம் பேசலாம்!" மாப்பிள்ளை எழுந்துபோய்த் தோட்டத்துக் கதவைச் சாத்துவார்.

நான் மொட்டைக் கிழித்த மறுநாள் காலை அந்த அம்மா போன் செய்தார். டம்ளரிலேயே மொட்டு விரிந்திருந்தது. வெள்ளை, நடுவில் நீலம். சாயங்காலம் சுருண்டுவிட்டது.