நிழல் என்று எழுதியவள்

ஒளிவள நாட்டின் அரசர் தெருவுக்கு நான்கு கேமராக்களை வைத்து, "இனி அரசுக்குத் தெரியாமல் ஒரு துயரமும் இருக்காது" என்று அறிவித்தார். கேமராவுக்குத் தெரிவதோ வெளிச்சமும் இருட்டுமான புள்ளிகள்தான். எது மரம், எது மாடு, எது மனிதர் என்று ஆயிரக்கணக்கான படங்களில் யாராவது எழுதிக் காட்டினால்தான் இயந்திரம் கற்றுக்கொள்ளும். அந்த வேலைக்கு அமர்ந்தவர்களில் மரகதவல்லியும் ஒருத்தி.

முதல் கோடையில் இயந்திரம் அரண்மனைக்கு உள்ளதை உள்ளபடி சொன்னது: தண்ணீருக்கு நிற்பவர்கள் பன்னிரண்டாயிரம் பேர். பார்வைத் துறை அமைச்சர் படங்களுக்கு எழுதுபவர்களிடம் நேரில் வந்தார்.

"காலிக் குடத்தோடு நிற்பதைத் 'திருவிழா' என்று எழுதுங்கள். மக்கள் கூடினால் அது விழாதானே."

எழுதினார்கள். விழா நடக்கும் ஊருக்குத் தண்ணீர் வண்டி எதற்கென்று அதையும் நிறுத்தினார்கள். தாகம் தாங்காமல் ஜனங்கள் ராஜபாட்டையில் உட்கார்ந்தார்கள். அடுத்த ஆணை வந்தது: சாலையில் உட்கார்ந்திருப்பவர் 'நிழல்'.

மரகதவல்லி தயங்கினாள். "ஐயா, அரசரோட தேர் ஓட்ட ஆளில்லாம இதே இயந்திரத்தை நம்பித்தான் ஓடுது. நிழல்னு எழுதினா நிக்காதே."

"பார்க்கிற பொறுப்பு இயந்திரத்துடையது. நீ எழுது" என்றார் அமைச்சர்.

எழுதினாள். ஒரு படத்தில் பக்கத்து வீட்டுத் தணிகாசலம் தலையில் துண்டோடு கேமராவை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் விரல் சற்று நின்றது. பிறகு அதற்கும் எழுதினாள்.

பத்தாம் நாள் தேர் வந்தது. நிற்கவில்லை.

விசாரணை மண்டபத்தில் இயந்திரம், "பாதையில் எவரும் இல்லை" என்றது. தணிகாசலத்தின் மனைவி குப்பம்மாள் எழுந்தாள். "அது கெடக்கட்டும். நீ சொல்லு மரகதம். படத்துல அவரைப் பாத்தியா?"

அமைச்சர் மரகதவல்லியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிழலாத்தான் தெரிஞ்சுதுக்கா" என்றாள் அவள். குப்பம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது மரகதவல்லிக்கு.

இயந்திரத்தின் பார்வை குற்றமற்றது என்று தீர்ப்பானது. கோளாறு மக்களின் கண்களில் இருப்பதால், வரும் அரசவைத் தேர்தலுக்கு முன் அனைவரும் பார்வைப் பயிற்சி பெற்றாக வேண்டும் என்றும், தேறியவர்களுக்கே ஓட்டு என்றும் ஆணை பிறந்தது. பயிற்றுவிக்க மரகதவல்லியை நியமித்தார்கள்.

முதல் வகுப்பில் முதல் பெஞ்சில் குப்பம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"எதைப் பாத்தா என்ன சொல்லணும்னு சொல்லிக்குடும்மா. சொல்லிட்டுப் போறேன்."

மரகதவல்லி தலை நிமிராமலே சொல்லிக்கொடுத்தாள்.